சரிக்குச் சரி என்று கணக்கை முடிச்சது யார்?



போன மாதம் எங்கட வளாகத்தில பலஸ்தீன ஆதரவு மேசை போட்டிருந்தோம். துண்டுப் பிரசுரம், கையெழுத்துத் தாள், ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி. மத்தியானம்போல ஒரு பொடியன் வந்து பிரசுரத்தை முழுசா வாசிச்சான். சண்டைக்கு வந்தவன் மாதிரித் தெரியேல்லை. வாசிச்சு முடிச்சிட்டுக் கேட்டான்: "1948இல 7 இலட்சம் பலஸ்தீனர் போனது எழுதியிருக்கிறீங்கள். அரபு நாடுகளில இருந்து 8 இலட்சம் யூதர் போனது எங்கே? அங்கேயும் போனது, இங்கேயும் போனது. சரிக்குச் சரி. கணக்கு முடிஞ்சுதே?"

எங்கட தோழர் ஒருத்தர் யோசிக்காமலே பதில் சொன்னார்: "அவையை ஒருத்தரும் துரத்தேல்லை. நிலம் கிடைக்குது என்று தாங்களாப் போனவை. மிச்சமெல்லாம் சியோனிசக் கட்டுக்கதை."

"என்ட அம்மம்மா பக்தாத்தில பிறந்தவ" என்று மட்டும் சொல்லிப்போட்டு அவன் போயிட்டான்.

நான் பக்கத்திலதான் நின்றேன். வாய் திறக்கேல்லை. அந்தப் பொடியன் சொன்ன கணக்குப் பிழை. ஆனால் எங்கட தோழர் சொன்ன பதில் அதைவிடப் பெரிய பிழை. இது ஒருத்தற்ற வாய் தவறினதில்லை. எங்கட வட்டத்தில கனபேர் இப்பிடித்தான் நம்புறம். அதாலதான் இந்தக் கடிதம்.

முதலில் பலஸ்தீனம்

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அடுத்த நாளே சண்டை தொடங்கிவிட்டது. 1949இல் போர் ஓய்ந்தபோது 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் அகதிகள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் வெறுமையாகிவிட்டன. 1948 ஏப்ரல் 9 அன்று டெய்ர் யாசின் கிராமத்தில் 100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியே பக்கத்து ஊர்களைக் கிளப்பியது. அதே மாதக் கடைசியில் ஹைஃபா விழுந்தது; 60,000க்கும் மேல் அரபு மக்கள் வாழ்ந்த நகரத்தில் சில ஆயிரம்பேர்தான் மிச்சம். ஜூலையில் லித்தா, ரம்லா. அங்கே எழுத்திலேயே வெளியேற்ற உத்தரவு இருந்தது. அதில் கையெழுத்திட்டவர் பிற்காலத்தில் பிரதமரான இட்ஸாக் ரபீன். 50,000க்கும் மேற்பட்ட சனம் ஜூலை வெயிலில் ரமல்லா பக்கம் நடந்தது. வழியில் தாகத்தில் செத்தவர்களும் உண்டு.

"அரபுத் தலைவர்கள் வானொலியில போகச் சொன்னார்கள், அதாலதான் போனார்கள்" என்ற பழைய கதையை உடைத்தவர்கள் இஸ்ரேலின் சொந்த ஆவணங்களைத் திறந்து படித்த இஸ்ரேலிய வரலாற்றாசிரியர்கள். அவர்களில் முக்கியமான பென்னி மொரிஸ் தன்னைச் சியோனிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர். ஆக இது எங்கட பக்கம் கட்டின கதை இல்லை.

இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அரபுப் படைகள் பிடித்த இடங்களில் யூதர்களும் மிஞ்சவில்லை. 1948 மே 13 அன்று கிஃபார் எட்சியோனில் சரணடைந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில் பழைய ஜெரூசலத்தின் யூதக் குடியிருப்பு வீழ்ந்தது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். தொகையில் இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அங்கே வீடு இழந்தவருக்கும் அது வீடுதான்.

போரில் ஓடினவர்கள் போர் முடிந்ததும் திரும்பியிருந்தால் இது ஒரு போர்க்காலத் துயரமாக முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தது சட்டம். 1948 டிசம்பர் 11 அன்று ஐ.நா.வின் 194ஆம் தீர்மானம், வீடு திரும்பிச் சமாதானமாக வாழ விரும்பும் அகதிகளைத் திரும்ப விடவேண்டும் என்றது. இஸ்ரேல் விடவில்லை. 1950இல் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' வந்தது. 1947 நவம்பர் 29க்குப் பிறகு எதிரித் தரப்பின் கையிலிருந்த இடத்துக்குச் சில நாள் போய் வந்தவர்கூட 'இல்லாதவர்'; அவருடைய காணி அரச பொறுப்பாளரிடம். இதில் விசித்திரம், இஸ்ரேலுக்குள்ளேயே குடியுரிமையோடு வாழ்ந்த பல்லாயிரம் பலஸ்தீனர்கள் 'இருக்கிற இல்லாதோர்' ஆனார்கள். ஆள் பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கிறார், அவருடைய தோட்டத்தில் வேறொருவர் ஒலிவ் பறிக்கிறார், சட்டத்துக்கு அவர் இல்லை!

அடுத்தது, நாங்கள் கதைக்காத பக்கம்

அரபு நாடுகளில் இருந்த யூதர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. ஈராக்கில் அவர்களுடைய வரலாறு இஸ்லாத்துக்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது. 1940களில் அங்கே ஏறக்குறைய 1,30,000 யூதர்கள். பேசியது அரபு, பாடியது அரபு. ஈராக்கிய நவீன இசையைக் கட்டியெழுப்பியவர்களில் சாலிஹ், தாவூத் அல்-குவைத்தி என்ற யூதச் சகோதரர்களும் உண்டு.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். 1940களின் நடுவில் பக்தாத்தின் யூதக் கம்யூனிஸ்டுகள் 'சியோனிச எதிர்ப்புக் கழகம்' என்றொரு அமைப்பையே நடத்தினார்கள். அதை 1946இல் தடை செய்தது இஸ்ரேல் இல்லை. அப்போது இஸ்ரேலே இல்லை. தடை செய்தது பிரித்தானிய நிழலில் இருந்த ஈராக்கிய முடியாட்சி. 1949 பெப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஃபஹ்தையும் தோழர்களையும் தூக்கிலிட்டபோது, அவர்களில் ஒருவர் யூதரான யெஹூதா சித்தீக். 'தாங்களாப் போனவை' என்று சொல்லும்போது இந்த ஆட்களையும் சேர்த்துத்தான் அழிக்கிறோம்.

அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது? 1941 ஜூனில் 'ஃபர்ஹூத்' என்று சொல்லப்படும் இரண்டு நாள் வெறியாட்டத்தில் பக்தாத்தில் 180 பேரளவில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1948இல் போர் தொடங்கியதும் கைதுகள், வேலை நீக்கங்கள். செப்டம்பரில் பெரும் வணிகர் ஷஃபீக் அதெஸ், இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்றார் என்ற குற்றச்சாட்டில் பஸ்ராவில் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டார். 1950 மார்ச்சில் ஒரு சட்டம்: குடியுரிமையைக் கைவிட்டால் போகலாம். ஓர் ஆண்டு கழித்து, பெயர் பதிந்து விமானத்துக்குக் காத்திருந்தவர்களின் தலையில் இன்னொரு சட்டம்: அவர்களுடைய சொத்து எல்லாம் முடக்கம். 1951 முடியுமுன் ஏறக்குறைய 1,20,000 பேர் போய்விட்டார்கள். குடியுரிமையைப் பறித்து, கடையைப் பூட்டி, கையில் ஒரு பெட்டியோடு விமானத்தில் ஏற்றிவிட்டு அதற்குத் 'தாங்களாப் போனது' என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரை நாளைக்கு எங்களுக்கும் வைப்பார்கள்.

ஆனால் 8 இலட்சம் என்ற தொகையை ஒரே நாளில் ஒரே கட்டளையில் நடந்த துரத்தல் மாதிரிச் சொல்வதும் பொய். அது கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில், பத்து நாடுகளில், பத்து விதமாக நடந்தது. லிபியாவில் 1945 நவம்பரில், பிரித்தானிய இராணுவ ஆட்சியின் கீழேயே, 130க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஏடனில் 1947 டிசம்பரில் 80க்கும் மேல். யெமனிலிருந்து 1949–50இல் ஏறக்குறைய 50,000 பேரை இஸ்ரேலே ஒழுங்குசெய்து விமானத்தில் கொண்டுபோனது. போனவர்களில் பலருக்கு அது மதக் கனவு. மறுப்பதற்கு நாங்கள் யார்? எகிப்தில் பெரிய அடி 1956இல், சூயஸ் போருக்குப் பிறகு. பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து தாக்கினதுக்கு, கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் கடை வைத்திருந்த யூதக் குடும்பங்கள் விலை கொடுத்தன. மொறோக்கோவில் வெளியேற்றச் சட்டமே இல்லை. 1960களின் தொடக்கத்தில் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியது. அல்ஜீரிய யூதர்களில் பெரும்பாலானோர் 1962இல் போனது பிரான்சுக்கு.

சிலர் துரத்தப்பட்டார்கள், சிலர் பயத்தில் ஓடினார்கள், சிலர் ஆசையோடு போனார்கள், சிலர் விற்கப்பட்டார்கள். ஈராக்கில் பிறந்து இஸ்ரேலிய நாடாளுமன்ற உறுப்பினரான ரான் கோஹென், தான் அகதி இல்லை, சியோனிசத்தின் அழைப்பில் வந்தவர் என்று வெளிப்படையாகவே சொன்னார். இன்னொரு ஈராக்கியர் கண்ணீரோடு வேறு கதை சொல்லுவார். இரண்டு பேரும் உண்மை சொல்கிறார்கள்.

கணக்கை எழுதினவர்கள்

'பரிமாற்றம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? 1923இல் கிரேக்கமும் துருக்கியும் லோசானில் ஒப்பந்தம் போட்டு, 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை மத அடிப்படையில் மாற்றிக்கொண்டன. ஒருவரையும் கேட்கவில்லை. 1937இல் பிரித்தானியாவின் பீல் ஆணைக்குழு அதை நல்ல முன்மாதிரி என்று பலஸ்தீனத்துக்குக் கொண்டுவந்தது. அந்த அறிக்கையின் 'பரிமாற்றத்தில்' ஒரு பக்கம் 2,25,000 அரபு மக்கள்; மறுபக்கம் 1,250 யூதர்கள். பரிமாற்றமாம்!

1949இல் ஈராக்கின் நூரி அல்-சயீத் பலஸ்தீன அகதிகளுக்குப் பதிலாக ஈராக்கிய யூதர்கள் என்று பேரம் பேசினார். 1951 மார்ச்சில், ஈராக் சொத்துகளை முடக்கிய கையோடு, இஸ்ரேலின் வெளியுறவு அமைச்சர் மொஷே ஷரெட் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: ஈராக்கிய யூதர்கள் இழந்த சொத்தின் பெறுமதி, பலஸ்தீன அகதிகளுக்குக் கொடுக்கவேண்டிய இழப்பீட்டில் கணக்கில் எடுக்கப்படும்.

இந்த வசனத்தை மெல்ல வாசியுங்கள். பக்தாத் கடைக்காரரின் கடையை எடுத்தது ஈராக் அரசு. லித்தா விவசாயியின் காணியை எடுத்தது இஸ்ரேல் அரசு. இப்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளுமாம். கடைக்காரருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. விவசாயிக்கு? ஒன்றுமில்லை. லித்தா விவசாயி பக்தாத்தில் ஒருவரின் கடையையும் பூட்டவில்லை. பக்தாத் கடைக்காரர் லித்தாவைக் கண்ணாலும் காணவில்லை. களவெடுத்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதை முதலில் உரத்துச் சொன்னவர்களில் ஒருவர் யெஹூதா ஷென்ஹாவ், ஈராக்கிய யூதக் குடும்பத்தில் பிறந்த இஸ்ரேலியச் சமூகவியலாளர்.

அந்தக் கணக்கு இன்றைக்கும் திறந்துதான் இருக்கு. 2008இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, பலஸ்தீன அகதிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யூத அகதிகளையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2014இல் இஸ்ரேல், அரபு நாடுகளிலும் ஈரானிலும் இருந்து யூதர்கள் வெளியேறியதை நினைவுகூர ஒரு நாளைச் சட்டமாக்கியது: நவம்பர் 30. பிரிவினைத் தீர்மானத்துக்கு அடுத்த நாள். நினைவுகூரட்டும், நல்லது. ஆனால் அந்த மக்கள் வந்திறங்கினபோது அவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது?

ஹைஃபாவில் ஒரு குடியிருப்பு

வந்தவர்கள் தலையில் டி.டி.ரி. தூள் அடிக்கப்பட்டது. 'மஅபரா' என்ற தற்காலிக முகாம்களில், கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும், 1951 முடிவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அரபு பேசினால் வெட்கம். பக்தாத் வானொலியில் ஊரே கேட்ட அல்-குவைத்தி சகோதரர்கள் தெல் அவீவில் கடை வைத்துப் பிழைத்தார்கள்.

ஹைஃபாவில் வாதி சலீப் என்றொரு பகுதி. 1948 ஏப்ரல் வரை அங்கே பலஸ்தீனர் குடியிருந்தார்கள். அவர்கள் போனபின் அந்த வீடுகளில் மொறோக்கோ யூதர்களை நெருக்கி அடைத்தார்கள். 1959 ஜூலையில் அவர்களில் ஒருவரைப் பொலிஸ் சுட்டுக் காயப்படுத்த, அந்தப் பகுதியே தெருவுக்கு இறங்கியது. வேலை இல்லை, வீடு இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்த யூதருக்கு ஒரு நீதி எங்களுக்கு ஒரு நீதியா என்பதுதான் அவர்களுடைய கோபம். 1971இல் இஸ்ரேலின் 'கரும் சிறுத்தைகள்' எழுந்த ஜெரூசலத்து முஸ்ராராவும் அப்பிடித்தான்: 1948இல் பலஸ்தீனர் இழந்த வீடுகள், அதற்குள் வட ஆபிரிக்க யூத ஏழைகள்.

ஒரே சுவர், ஒரே வாசல். கட்டினவர் லெபனான் முகாமில். குடியிருக்கிறவர் பொலிஸ் தடியின் கீழ். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் 'சரிக்குச் சரி' எங்கே இருக்கு?

அப்போ இரண்டும் சமமா?

இல்லை. இரண்டும் உண்மை, இரண்டும் சமமில்லை. வித்தியாசம் கண்ணீரின் அளவில் இல்லை, இன்றைக்கு யாருக்கு என்ன மறுக்கப்படுகிறது என்பதில் இருக்கு. பக்தாத் அம்மம்மாவின் பேரனுக்குக் குடியுரிமை உண்டு, கடவுச்சீட்டு உண்டு. அவருக்கு ஈராக் அரசு சொத்துக் கடன்பட்டிருக்கிறது, மன்னிப்பும் கடன்பட்டிருக்கிறது. அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை. நாங்களும் சேர்ந்து கேட்கவேண்டும். ஐ.நா.வின் பலஸ்தீன அகதிகள் முகவரகத்தில் பதிந்திருக்கும் கிட்டத்தட்ட 59 இலட்சம் பேருக்கு நிலைமை வேறு. அவர்கள் திரும்ப வேண்டும் என்று கேட்கிறார்கள். 75 ஆண்டுக்கு மேலாக வாசலில் துவக்கோடு ஓர் அரசு நிற்கிறது. அந்த வாசலைத் திறக்காமல் இருக்கத்தான் பக்தாத் அம்மம்மாவின் பெட்டி சாட்டாகப் பயன்படுகிறது. அவவுக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம் அது.

எங்கட வீட்டுக் கணக்கு

இந்தக் கணக்கு எனக்கு ஏன் உடனே அடையாளம் தெரிஞ்சுது? எங்கட வீட்டிலும் இருக்கு.

என்ட அம்மம்மா வலிகாமம் வடக்கு. 1990 ஜூனில் இராணுவம் ஷெல் அடிக்க வெளிக்கிட்டவ. பிறகு அந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயம். காணி உறுதியைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி ரொறன்ரோ வரைக்கும் கொண்டுவந்தவ. அதே 1990, ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களும் உறுதி வைத்திருந்தார்கள். வீட்டில் இதைக் கதைச்சால் பெரியப்பா உடனே சொல்லுவார்: "கிழக்கில ஊர்காவல் படையோட சேர்ந்து எங்கட சனத்தைக் கொன்றது ஆர்? அதையும் கதை." கிழக்கில் கொலை நடந்தது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்துத் தையல்காரர் அதைச் செய்யவில்லை.

இப்போ மறுவளமாப் பாருங்கள். கொழும்பிலிருந்து ஓர் அமைச்சர் வந்து அம்மம்மாவிடம், "நீங்கள் முஸ்லிம்களைத் துரத்தினீர்கள், நாங்கள் உங்களைத் துரத்தினோம், சரிக்குச் சரி, உறுதியைக் கிழியுங்கோ" என்றால் என்ன சொல்லுவோம்? காறித் துப்புவோம். அம்மம்மா ஒருத்தரையும் துரத்தேல்லை. அவவுடைய காணி அவவுடையது. லித்தாவில் பிறந்தவருக்கும் அதே நியாயம்தான். பக்தாத்தில் பிறந்தவருக்கும் அதேதான்.

அடுத்த முறை மேசை போடும்போது

மூன்று விசயம் கேட்கிறேன்.

முதலாவது, பிரசுரத்தைத் திருத்துவோம். அரபு நாட்டு யூதர்களைப் பற்றி ஒரு பந்தி, ஈராக்கின் 1950, 1951 சட்டங்களோடு. எதிரி எடுத்துச் சொல்லுமுன் நாங்களே சொல்லவேண்டும்.

இரண்டாவது, யாரும் "சரிக்குச் சரி" என்றால், "பொய்" என்று கத்தாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட அம்மம்மாவின் வீட்டை எடுத்தது ஆர்? அதை அவர்களிடம் கேட்க நாங்களும் வாறம். லித்தாக்காரரின் வீட்டைத் திருப்பிக் கேட்க நீங்களும் வாறீங்களா?" இதுக்கு வருகிற பதிலில் ஆள் யார் என்று விளங்கும்.

மூன்றாவது, ஒக்ரோபர் வரும்போது வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை எங்கட பெயரில், எங்கட மொழியில் நினைவுகூருவோம். பலஸ்தீனக் கொடியைப் பிடிச்சுக்கொண்டு அந்த நாளில் வாய்மூடி இருந்தால், எங்கட மேசைக்கு வருகிறவர்களுக்கு எங்களை நம்பக் காரணம் இல்லை.

அந்தப் பொடியனை அதுக்குப் பிறகு நான் காணவில்லை. கண்டால் தேத்தண்ணி குடுத்து இருத்தி, அம்மம்மாவின் வீடு பக்தாத்தில் எந்தப் பக்கம் என்று கேட்பேன். அன்றைக்கே கேட்டிருக்கவேணும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம், சண்டை பிடிப்போம்.

தோழமையுடன்,
மேசையில் வாய் திறக்காமல் நின்றவள்